இடது இறக்கையில் வைத்தது

வடக்குக் கோட்டின் மேல் மூக்குச் சக்கரத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "படி தெய்வம்" என்கிறார் கேப்டன் ரகோத்தமன். ஹெட்செட் மாட்டியிருப்பதால் அவர் குரல் என் மண்டைக்குள்ளேயே கேட்கிறது. மூச்சுவிடுவதும் கேட்கிறது. அப்படியானால் என் மூச்சும் அவருக்குக் கேட்கும், மெதுவாக விட வேண்டும். "முந்நூத்தி அறுபது" என்று படிக்கிறேன், அட்டையில் எழுதுகிறேன், பென்சிலால்தான், பேனாவின் கிளிப் இரும்பு. பெல்ட், சாவிக்கொத்து, போன் எல்லாவற்றையும் ஹேங்கரிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தேன். "இவ்வளவு சுத்தமா உன்னை விட்டா எவனும் பாக்க மாட்டான்யா" என்றார் கேப்டன். சுத்தம். தெய்வசிகாமணி என்ற பேரைச் சுருக்கி இங்கே எல்லோரும் தெய்வம் என்றுதான் கூப்பிடுகிறார்கள், விமானப்படையில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவன், கை சுத்தம், வேலை சுத்தம். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம், தோளோடு தோள் இடிக்கிறது, எஞ்சின் ஓடுவதில் இருக்கை, தொடை, பல் எல்லாம் ஒன்றாக நடுங்குகின்றன, புரட்டாசி வெயில் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடி வழியே நேராக உச்சந்தலையில் இறங்குகிறது. கரூரைத் தாண்டிய பொட்டலில் எங்கள் பயிற்சிப் பள்ளி. ஓடுதளத்தின் கோடியில், தகரக் கொட்டகையும் வண்டிகளும் நெருங்காத இடத்தில், சிமெண்டுத் தரையில் ஒரு பெரிய வட்டம், வட்டத்துக்குள் முப்பது டிகிரிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வெள்ளைக் கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் விமானத்தை நிறுத்தி, கோடு சொல்லும் திசையும் எங்கள் முன்னாலிருக்கும் திரை சொல்லும் திசையும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். நேற்றுத்தான் இந்த விமானத்தின் வலது இறக்கைக்குள் அந்தப் பெட்டியைப் பொருத்தினேன், மேக்னட்டோமீட்டர், சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும். பூமியின் காந்தத்தை உணர்ந்து வடக்கு எது என்று திரைக்குச் சொல்வது அதன் வேலை. அது சொல்வதைத் திரை நம்பும், திரை சொல்வதைப் பைலட் நம்புவான். நம்புவாள். வேண்டாம், அங்கே போகாதே. "முப்பது" என்கிறார் கேப்டன். விமானம் உருண்டு திரும்புகிறது.

முப்பதில் முப்பத்தொன்று. ஒரு டிகிரி பரவாயில்லை, இரண்டு வரை விடலாம். எழுதுகிறேன். ஜனவரி முதல் வாரம் இதே பெட்டி வைத்த முதல் விமானத்துக்கு எழுதிய அட்டையும் இதே மாதிரிதான், இதே நீல அச்சு, இதே கட்டங்கள். அதில் பெட்டியை இடது இறக்கையில் வைத்தேன். வலது இறக்கையின் மூடித் தகட்டில் ஸ்க்ரூக்கள் துருப்பிடித்துக் கிடந்தன, ஒவ்வொன்றையும் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது, பதினான்கு ஸ்க்ரூ, ஒரு நாள் வேலை. இடது இறக்கையில் தகடு கையோடு வந்தது. ஆனால் இடது இறக்கையில்தான் லேண்டிங் லைட்டின் வயர் போகிறது. கரண்ட் போகும் எந்த வயரிலிருந்தும் இரண்டடி தள்ளி வை என்று புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது, படித்தேன், எனக்குப் படிக்கத் தெரியும். நான் வைத்தது ஐந்து அங்குலத்தில். லைட் எரிந்தால்தானே கரண்ட், பகலில் பறக்கிற பிள்ளைகள் லைட்டை எங்கே போடப்போகிறார்கள். அப்படித்தான் நினைத்தேன், சரியாக நினைத்தேனா இல்லையா என்பதுகூட இப்போது நிச்சயமில்லை, ஒருவேளை எதுவுமே நினைக்காமல் கை தன்பாட்டுக்குச் செய்திருக்கும், எதுவும் நினைக்கவில்லை என்றால் குற்றம் குறையுமா கூடுமா. சோதனையின் கடைசிப் பக்கத்தில் ரேடியோ, பம்ப், லைட் என்று மின்சாரத்தில் ஓடுவது ஒவ்வொன்றையும் போட்டு அணைத்து, திரையில் எண் நகர்கிறதா பார் என்று பன்னிரண்டு வரி இருக்கும். அன்றைக்கு மணி ஒன்றரை. பசி. பன்னிரண்டு வரிக்கும் பன்னிரண்டு டிக், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டேன். கோழி சீய்த்த மாதிரி இருக்கும். ஒன்றைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. கீழே கையெழுத்து, அது மட்டும் நிதானமாக, கடைசி எழுத்துக்கு வழக்கமான சுழியோடு.

"அறுபது." அறுபத்தொன்று. "தொண்ணூறு." தொண்ணூறு, சுத்தம். கிழக்கு. கிழக்கே பார்த்து நிற்கிறோம், அவள் போன திசை. ஜெனிட்டா. தூத்துக்குடிப் பெண், அப்பா துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துக் கட்டுகிற இழுவைப் படகில் சுக்கான் பிடிப்பவர், இருபத்தொரு வயது, ஒற்றைப் பின்னலைச் சட்டைக் காலருக்குள் செருகிக்கொண்டு ஹேங்கருக்கு வருவாள். மற்ற பயிற்சிப் பிள்ளைகள் விமானத்தில் ஏறுவார்கள், இறங்குவார்கள், இவள்தான் மூடித் தகட்டுக்குள் தலையை விட்டு இது என்ன சார், அது ஏன் சார் என்று கேட்பவள். எனக்கு அது பிடித்திருந்தது, ஒத்துக்கொள்கிறேன், கேட்க ஆள் இருந்தால் பேசப் பிடிக்கும். புதுத் திரை வைத்த அன்று வந்து பார்த்தாள். கண்ணாடிக்கு மேலே தொங்கும் பழைய காம்பஸ், எண்ணெயில் மிதக்கிற உருண்டை, அதைக் காட்டி, "இதுவும் அதுவும் வேற வேற சொன்னா எத சார் நம்பணும்?" என்றாள். எவ்வளவு சரியான கேள்வி. வேறு வேறு சொன்னால் இரண்டையும் சந்தேகப்படு, உடனே ரேடியோவில் சொல்லு, சூரியனைப் பார், ஆற்றைப் பார், இதுதான் பதில், இருபது வருஷம் படித்த பதில். நான் சிரித்தேன். "அந்த ஊறுகா பாட்டில பாக்காத பாப்பா, அது ஆடிக்கிட்டே கெடக்கும். இத நம்பு. இது நான் வெச்சது." நான் வெச்சது. அவளும் சிரித்தாள். "சரி சார், உங்கள நம்பறேன்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. காது நுனி சுடுகிறது இப்போது, ஹெட்செட்டின் பஞ்சு வியர்வையில் நனைந்து ஒட்டுகிறது.

"நூத்தி இருபது. என்ன தெய்வம், தூங்கிட்டியா?" இல்ல சார். நூற்றிருபத்தொன்று. பொங்கல் முடிந்து நான்காம் நாள். அவள் தனியாகக் கிழக்கே அறுபது மைல் போய், கொள்ளிடத்தில் திருமானூர்ப் பாலத்தைச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். அந்த விமானத்தில் வரைபடம் காட்டும் கருவி இன்னும் வரவில்லை, திசையும் கடிகாரமும்தான். கிளம்பும்போது வெளிச்சம் இருந்தது, போகப்போகப் பனிமூட்டம். மூட்டத்தில் மற்ற விமானங்களுக்குத் தெரியட்டும் என்று லேண்டிங் லைட்டைப் போட்டாள். அப்படித்தான் பாடம், அவள் செய்தது சரி. லைட் எரிந்தது, ஐந்து அங்குலம் தள்ளி என் பெட்டி அந்தக் கரண்டைப் பூமி என்று நினைத்துக்கொண்டது. திரை கிழக்கு என்றது, மூக்கு வடக்கே விலகிப் போனது. பதினெட்டு டிகிரி. அறுபது மைல் போனால் ஒரு டிகிரிக்கு ஒரு மைல் விலகும், இது கணக்கு, சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இல்லை. இடது கைப் பக்கம், இருக்கவே கூடாத இடத்தில், மூட்டத்துக்குள்ளிருந்து பச்சைமலை எழுந்து நின்றிருக்கிறது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும், ஒரு மலை திடீரென்று. தாழப் பறந்ததில் ரேடியோ எட்டவில்லை. இரண்டரை மணி நேரம் ஆற்றைத் தேடியிருக்கிறாள். கடைசியில் பெரம்பலூருக்கு மேற்கே, அறுத்து முடித்த மக்காச்சோளக் கொல்லையில் இறக்கினாள். தட்டைக் கட்டைகளில் மாட்டி மூக்குச் சக்கரம் முறிந்தது, காரை எலும்பு முறிந்தது, நெற்றியில் ஆறு தையல். விமானம் கவிழவில்லை. அந்தக் கொல்லையை நான் போய்ப் பார்த்தேன், நடுவில் கிணறு, சுற்றுச்சுவர் வைக்காத கிணறு, சக்கரத்தடத்துக்கும் கிணற்றுக்கும் நடுவே பத்துக் காலடி. அளந்தேன். ஏன் அளந்தேன் என்று தெரியவில்லை.

"நூத்தி அம்பது. உனக்கு ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்கிறார் கேப்டன், பிரேக்கை மிதித்தபடி. "அந்தத் தூத்துக்குடிப் பொண்ணு மெயில் போட்டிருக்கு. வேற ஊர்ல வேற ஸ்கூல்ல சேரணுமாம், இதுவரைக்கும் பறந்த மணிக்கு நம்ம சர்டிபிகேட் வேணுமாம். குடுக்கலாம். ஆனா ரெக்கார்டுல, திசை பார்ப்பதில் கவனக்குறைவு, விமானச் சேதம், நீக்கம்னு எழுதியிருக்கே. அதயும் சேத்துத்தானே அனுப்பணும். பாத்துட்டு எவன் சேத்துப்பான்?" நூற்றைம்பது சார். "பாவம்யா, கை நல்ல கை." ஆமா சார். ஆமா சார் என்றேன். நாக்கு தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. மறுபடியும் மூச்சு. மெதுவாக விடு. அவள் பறப்பதை விட்டிருப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன், அதுதான் உண்மை, விட்டுவிட்டு எங்காவது ஆபீசில், யாரையாவது கட்டிக்கொண்டு, சந்தோஷமாக. அவள் சந்தோஷமாக இருந்தால் எனக்கு நல்லது என்று நான் அவளுக்கு ஒரு வாழ்க்கையே கட்டி வைத்திருந்தேன், அதில் மாடியெல்லாம் இருந்தது. அவள் எட்டு மாதமாகக் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

நூற்றெண்பது, தெற்கு, இரண்டு டிகிரி கூட. எழுது. விசாரணையும் தெற்குப் பார்த்த அறையில்தான், ஜன்னல் வழியே இந்த வட்டம் தெரியும். கேப்டன், பள்ளிக்கு முதலாளியான பள்ளிக்காரர், நான், எதிரே அவள், கையில் தூளிக்கட்டு. சம்பவம் நடந்த மறுநாளே விமானத்தைச் சோதிக்க என்னைத்தான் அனுப்பினார்கள், என் வேலையை நானே சோதித்தேன். பேட்டரியைப் போட்டேன், திரை எரிந்தது, திசை சரியாக இருந்தது, லைட் அணைந்திருந்தது. அறிக்கையில் "கருவியில் குறையில்லை" என்று எழுதினேன், அப்போது எனக்குத் தெரியாது. தெரியாதுதானே. விசாரணையில் பள்ளிக்காரர் கேட்டார், நீங்க என்ன நெனைக்கறீங்க மிஸ்டர் தெய்வசிகாமணி. நான் சொன்னேன், "கருவி சரியாத்தான் சார் இருக்கு. பாப்பாவுக்கு ஹெட்டிங் பாக்கத் தெரியல." ஏழெட்டு வார்த்தை. யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, கோபமாகப் பார்த்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஏதோ வழி கேட்பவள் மாதிரி பார்த்தாள். பிறகு மேஜையைப் பார்த்து, "என் தப்புதான் சார்" என்றாள். இத நம்பு, நான் வெச்சது என்று நான் சொன்னதை அவள் அந்த அறையில் சொல்லவில்லை. அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, நான் அவளைக் கொடுத்தேன். இருந்தாலும் அப்போது எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் ஒருநாள் மத்தியானம் ஹேங்கரில் தனியாக இருக்கும்போது தற்செயலாக லைட் சுவிட்சில் கை பட்டது, எண் பதினெட்டு குதித்தது, அப்போதுதான் தெரிந்தது. பழுது பார்க்கிற சாக்கில் பதினான்கு துருப்பிடித்த ஸ்க்ரூவையும் எடுத்துப் பெட்டியை வலது இறக்கைக்கு மாற்றினேன். லாக் புத்தகத்தில் "பராமரிப்பு வசதிக்காக" என்று எழுதினேன். முதலில் விசாரணை, பிறகு தெரிந்தது. தெரிந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. இந்த வரிசையில்தான் எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"இருநூத்திப் பத்து." இருநூற்றுப் பதினொன்று. ஆஸ்பத்திரி எங்கே வருகிறது இந்த வரிசையில். வேண்டாம். வலது இறக்கை நுனியில் ஒரு தட்டான் உட்கார்ந்திருக்கிறது, இவ்வளவு நடுக்கத்திலும் எப்படி உட்கார்ந்திருக்கிறது. பெரம்பலூரில் அந்த ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் டெட்டால் வாசனை, சுவரோரம் அவள் அப்பா, சவேரியார், கட்டையான மனுஷர், வெள்ளைச் சட்டையில் பஸ்ஸில் வந்த கசங்கல். சம்பவம் நடந்த மூன்றாம் நாள், ஆரஞ்சு வாங்கிக்கொண்டு நான் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், கயிறு பிடித்துப் பிடித்துக் காய்த்த கை. "சார், நான் இருவத்தேழு வருசமா காம்பஸ் பாத்துப் படகு ஓட்டுறவன். பக்கத்துல ஒரு கத்திய வச்சாலே முள்ளு ஓடிரும்லா. நீங்கதான் மெக்கானிக்குன்னு பிள்ள சொன்னா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, காம்பஸ் சரியா இருந்துச்சா?" சரியாத்தான் இருந்துச்சு ஐயா என்றேன். கை விட்டுப்போயிற்று, மெதுவாக, ஒவ்வொரு விரலாக. "அப்ப எம்பிள்ளதான் பாக்கல, என்ன?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார், எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் குனிந்தேன். இதுவும் தெரியாமல் சொன்னதுதான், அப்போது தெரியாது, இரு, அதற்கு முன்னால் என்ன. தாழ்வாரத்துக்கு வருவதற்கு முன்னால் நான் எங்கே இருந்தேன். "இருநூத்தி நாப்பது, தெய்வம், படி." இருநூற்று நாற்பது. தாழ்வாரத்துக்கு வருவதற்கு முன்னால் நான் உள்ளே இருந்தேன். கட்டிலருகே. அவர் கஞ்சி வாங்கப் போயிருந்தார். அவள் உதடு வெடித்திருந்தது, முகம் ஒரு பக்கம் வீங்கி ஒரு கண்தான் திறந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். "சார், ஒண்ணு சொல்லணும். மூட்டத்துல லைட்டு வெளிச்சம் திரும்பிக் கண்ணுல அடிச்சுதுன்னு கடைசியில அணைச்சேன். அணைச்ச உடனே நம்பர் குதிச்சுது. பதினெட்டு. திரும்பப் போட்டேன், திரும்பக் குதிச்சுது. மூணு தடவ பாத்தேன் சார். அதுக்குள்ள பெட்ரோல் இல்ல."

சொன்னாள். சொன்னாள், எனக்குத்தான் சொன்னாள், முதலில் எனக்கு மட்டும்தான் சொன்னாள், அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, ஐந்து அங்குலம். சுவிட்சில் கை தற்செயலாகப் படவில்லை. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் போய், லாரியில் ஹேங்கருக்கு வந்திருந்த விமானத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போட்டேன், மூன்று தடவை, அவளைப் போலவே. அது நான்காம் நாள். விசாரணை ஐந்தாம் நாள். முதலில் தெரிந்தது, பிறகுதான் விசாரணை. தெரிந்துகொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன், தெரிந்துகொண்டு அவர் கைப்பிடிக்குள் நின்று அப்படிப் பதில் சொன்னேன். கட்டிலருகே அவளுக்கு நான் என்ன பதில் சொன்னேன். "அடிபட்டா அப்படியெல்லாம் பாத்த மாதிரி தோணும் பாப்பா. மயக்கத்துல வர்றது. இதெல்லாம் வெளிய சொல்லாத, சாக்கு சொல்றான்னு நெனைப்பாங்க. ரெஸ்ட் எடு." போர்வையை இழுத்துவிட்டேன். அன்பாகத்தான் இழுத்துவிட்டேன். அந்தப் போர்வையின் பச்சைக் கோடு வரை நினைவில் இருக்கிறது, எங்கேயும் போகவில்லை, எட்டு மாதமாக இங்கேயே உட்கார்ந்திருக்கிறது, நான்தான் ஒவ்வொரு தடவையும் தாழ்வாரத்திலிருந்து ஆரம்பித்தேன். தான் கண்ணால் பார்த்ததையே பார்க்கவில்லை என்று அவளை நம்பவைத்தேன். விசாரணையில் வழி கேட்பவள் மாதிரி பார்த்தாளே, அதைத்தான் கேட்டிருக்கிறாள், நான் பார்த்தேனா சார் இல்லையா என்று. "இருநூத்தி எழுவது." சரி சார். "முந்நூறு." முந்நூற்று ஒன்று. "முந்நூத்தி முப்பது." எண்கள் வந்துகொண்டிருக்கின்றன, பென்சில் எழுதுகிறது.

"முடிஞ்சுது. நல்லா வந்திருக்கு" என்று கேப்டன் எஞ்சினை அணைக்கப் போகிறார். கடைசிப் பக்கம் இருக்கு சார் என்கிறேன். "லைட்டு, பம்பா? அதெல்லாம் டிக் போட்டுக்கயா, வேகுது." இல்ல சார், போடுங்க, ஒவ்வொண்ணா. திரும்பிப் பார்க்கிறார், தோள் இடிக்கிற தூரத்தில் ஒரு முகம் திரும்பினால் அது முழு முகமாக வந்துவிடுகிறது. ரேடியோ. நகரவில்லை. பம்ப். நகரவில்லை. லேண்டிங் லைட். நான் திரையைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். "அசையல" என்கிறார் கேப்டன். "ஏன்யா கண்ண மூடற?" முதல் விமானத்துல அசைஞ்சுது சார். குரல் என் மண்டைக்குள்ளேயே கேட்கிறது, என் குரல்தான், நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். இடது இறக்கைல வெச்சிருந்தேன். லைட் வயர் பக்கத்துல. பதினெட்டு டிகிரி. போட்டுப் பாக்காம டிக் போட்டேன். அந்தப் பொண்ணு லைட் போட்டுப் பறந்துது. ஆஸ்பத்திரியிலயே எங்கிட்ட சொல்லிச்சு. நான் மயக்கம்னு சொன்னேன். விசாரணைக்கு முந்தின நாள் நானே பாத்தேன். தெரிஞ்சுதான் சார் அப்படிச் சொன்னேன்.

ஹெட்செட்டில் அவர் மூச்சு நின்று, பிறகு வந்தது. எஞ்சினை அணைத்தார். சுழலி இரண்டு சுற்று தயங்கி நின்றது. அவ்வளவு நேரம் நடுங்கிக்கொண்டிருந்த உடம்பு நடுக்கம் நின்றதும் யாருடையதோ போலக் கிடந்தது.

"யாருக்காவது சொல்லியிருக்கியா?"

"இல்ல சார்."

"என் கையெழுத்தும் அந்த ரெக்கார்டுல இருக்கு தெய்வம். நீ சொன்னத நான் அப்படியே எழுதினேன். நான் ஒரு கேள்வி கேக்கல." வெளியே பார்த்துக்கொண்டே பேசினார். "மேல எழுதினா உன் லைசென்ஸ் போயிரும். தெரியுமில்ல?"

"தெரியும் சார். போகட்டும்னு சொல்ற தைரியம் எனக்கு இல்ல. ஆனா எழுதறேன்."

அவர் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு எங்கிட்டயும் வந்துச்சுய்யா" என்றார். "போற அன்னிக்கு. சார், ஒரு தடவ அந்த விமானத்துல லைட் போட்டுப் பாக்கறீங்களான்னு கேட்டுச்சு. தெய்வம் பாத்துட்டாரும்மான்னு அனுப்பிட்டேன்." கதவைத் திறந்து இறங்கினார். "முதல்ல அதுகிட்ட சொல்லு. நான் பள்ளிக்காரருக்குப் போன் பண்றேன்." ஓடுதளத்தின் ஓரமாகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

தெய்வம் பாத்துட்டாரும்மா. அதையும் கேட்டுக்கொண்டுதான் ஊருக்குப் போயிருக்கிறாள். ஹேங்கருக்குள் வந்து போனை எடுக்கிறேன். பெயரைத் தேடினால் பாப்பா என்றுதான் பதிந்து வைத்திருக்கிறேன். மணி அடிக்கிறது, எடுக்காமல் இருக்க வேண்டும், எடுக்காவிட்டால் நாளைக்கு, நாளைக்கு என்றால் எட்டு மாதம். எடுத்துவிட்டாள்.

"சார்?" என்றாள். குரலில் பயம் இருந்தது, என்னைப் பார்த்து அவள் பயப்படுகிறாள். பேசினேன், கேப்டனிடம் சொன்ன அதே வரிசையில், சரியான வரிசையில், தாழ்வாரத்துக்கு முந்தியதையும் சேர்த்து. அவள் பக்கம் பாத்திரச் சத்தம், தெருவில் யாரோ மீன் விற்கிற சத்தம். சொல்லி முடித்ததும் மன்னிச்சிரும்மா என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன், அதைக் கேட்டால் அவள் ஏதாவது சொல்லியாக வேண்டும், அந்த வேலையை அவளுக்குக் கொடுக்கக் கூடாது.

"அப்ப நான் பாத்தது நெசம்" என்றாள்.

"நெசம்மா."

"மூணு தடவயும்."

"மூணு தடவயும்."

அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, மூச்சை எண்ணி எண்ணி விடுகிறாள். "எனக்கே சந்தேகம் வந்துருச்சு சார். ராட்டினத்துல ஏறக்கூட பயந்தேன், எனக்குத்தான் தல சரியில்லன்னு. எட்டு மாசமா." பிறகு குரல் மாறிற்று, கெட்டியானது. "எழுதிக் குடுப்பீங்களா?"

"இன்னிக்கே எழுதறேன். கேப்டனும் மேல சொல்றாரு."

"உங்க பேர் போட்டு எழுதுங்க. டெக்னிக்கல் பிரிவுன்னு போட்டு அனுப்பிராதீங்க."

"என் பேர் போட்டுத்தாம்மா."

"சரி. வச்சிராதீங்க, லைன்லயே இருங்க. அப்பா இப்பத்தான் டூட்டி முடிஞ்சு வந்தாங்க. அவங்க எங்கிட்ட இதப் பத்திப் பேசறதே இல்ல சார். படகுல யாராவது கேட்டா பேச்ச மாத்திருவாங்களாம். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சொல்லுங்க."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போன் கை மாறிவிட்டது. "சொல்லுங்க" என்கிறது அந்தக் குரல், தாழ்வாரத்துக் குரல். "ஐயா, நான் கரூர்லேருந்து பேசறேன், தெய்வசிகாமணி, மெக்கானிக்." ம், என்றார். "அன்னிக்கு நீங்க கேட்டீங்க, காம்பஸ் சரியா இருந்துச்சான்னு. சரியா இல்லைய்யா. நான் வெச்சது தப்பு. லைட்டு வயர்கிட்ட வெச்சிட்டேன். உங்களுக்குப் பதில் சொன்னப்ப எனக்கு அது தெரியும்." திட்டட்டும். திட்டுவார், நான் கேட்டுக்கொள்வேன், கேட்டுக்கொண்டால் கொஞ்சமாவது.

திட்டவில்லை. "எத்தன டிகிரி?" என்று கேட்டார்.

"பதினெட்டு."

"பதினெட்டா." எங்கோ மேஜைமேல் போனை வைக்கிற சத்தம், நாற்காலி நகர்கிற சத்தம். அவர் என்னை மறந்துவிட்டார். தூரத்திலிருந்து, வீட்டுக்குள்ளிருந்து, அவர் குரல் கேட்டது, உடைந்துபோயிருந்தது.

"ஏட்டி ஜெனி. பதினெட்டு டிகிரி தப்பாக் காட்டியிருக்கு. மலையும் மூட்டமும், ஒத்தையில. எப்பிடிட்டி எறக்குன? வா, இங்க வந்து உக்காரு. மொதல்லேர்ந்து சொல்லு."

அவள் சொல்லத் தொடங்கினாள். போனை அணைத்திருக்க வேண்டும். அது நான் கேட்கக்கூடாத பேச்சு. அணைக்கவில்லை, காதில் வைத்தபடியே நின்றேன், அவள் ஓடுதளத்தை விட்டு மேலெழும்பி, கிழக்கே திரும்பி, லைட்டைப் போடுகிற இடம் வரைக்கும்.